ஒயர்மேன் அப்பாருக்கு மாலை போடறதுக்கு முன்னால, நம்மூரு விழாக்குழுவுக்கு ஒரு மடல்

விழாக்குழு அண்ணமாருங்க, மாமனுங்க, தம்பிங்க எல்லாத்துக்கும் வணக்கமுங்க.

ஒயர்மேன் அப்பாருக்கு எம்பது தாண்டிருச்சு, ஒரு பாராட்டு விழா எடுக்கோணும்னு நீங்க முடிவு பண்ணுனது ரொம்ப சந்தோசமுங்க. நெசமாலுமே இந்த ஊருக்கு அவரளவுக்கு ஒழச்சவிங்க வேற யாரும் இல்ல. ஆனா வாட்ஸ்அப்ல வந்த செலவு கணக்க பாத்தனுங்க, ஃப்ளெக்ஸ், செண்டமேளம், சாரட்டு வண்டி, மேடை, பொன்னாடை... அந்த காச எங்க போடலாம்னு எனக்கு ஒரு எண்ணம் இருக்குது, குழுவுல மட்டும் பேசுனா அப்படியே அமுங்கிரும்னுதான் எல்லாரும் படிக்கற மாதிரி எழுதறன்.

அவரு ஈபில சேந்த காலத்துல நம்ம பக்கம் மாடு கட்டி கெணத்து தண்ணி எறைக்கற கவலை ஓட்டிட்டு இருந்தவிங்க ஒவ்வொருத்தரா மோட்டாருக்கு மாறிட்டு இருந்தாங்க. 1970 ஜூன்ல மின்கட்டணத்த ஒரு பைசா ஏத்துனதுக்கு எதிரா போராடி, இந்தா இருக்கற பெருமாநல்லூர்லயே மூணு விவசாயிங்க துப்பாக்கிச்சூட்டுல செத்தாங்க, அந்த அளவுக்கு கெணத்து தண்ணிய மட்டுமே நம்பி இருந்த சீமை இது. அப்படி இருந்த நேரத்துல ஈபி ஆளா தோட்டந்தோட்டமா போயி எல்லார்த்துகிட்டயும் நல்ல பேரு வாங்குனாருன்னா லேசுப்பட்ட காரியம் இல்லீங்க.

போற எடத்துலயெல்லாம் கெணறு எத்தன அடி, மோட்டாரு எத்தன ஹெச்பின்னு ஒரு நோட்டுல குறிச்சு வெச்சாரு, யாரும் சொல்லி எழுதல. எனக்கு அத காட்டுனாருங்க. முன்பக்கமெல்லாம் அறுவது அடி கெணறு, மூணு ஹெச்பி மோட்டாரு. பொறவு வெடி வெச்சு ஆழப்படுத்துனது, சைடு போர் போட்டது, கம்ப்ரசர் மாட்டுனது, கடைசில ஆயிரம் அடி போர்ல சப்மெர்சிபிள் எறக்குனது. 1990ல விவசாயத்துக்கு கரண்டு இலவசமாச்சு, அது நம்ம வெள்ளாமைய காப்பாத்துச்சு, அதுல மாத்துப்பேச்சு இல்ல, ஆனா மோட்டாரு பெருசாக பெருசாக தண்ணி கீழ போயிட்டே இருந்தத நம்மூர்ல ஒரு மனுசன்தான் எழுதி வெச்சுருக்காரு. அந்த நோட்டு இப்ப கரையான் அரிச்சுட்டு கெடக்குது.

அந்த நோட்டத்தான் மனுவோட சேத்து எடுத்துட்டு போவாரு. அவினாசி அப்ப கோயமுத்தூர் மாவட்டம், 2009க்கு பொறவுதான் திருப்பூர். ரெண்டு கலெக்டர் ஆபீஸ்லயும் திங்கக்கெழம மனுநாள்ல, பவானி ஆத்துத் தண்ணிய நம்ம பக்கத்து குளம் குட்டைக்கு கொண்டார்ற அத்திக்கடவு திட்டத்துக்கு வரிசைல நின்னவரு. 2016 பிப்ரவரில அவினாசில உண்ணாவிரதம் நடந்தப்ப நம்மூர்ல இருந்து ஆளுகள ஒட்டுக்கா கூட்டிட்டு போனதும் அவருதான். (அவரு இப்படி அலைஞ்ச நாள்லயெல்லாம் மாட்ட பாத்து பால ஊத்தி குடும்பத்த நடத்துனது அவரு சம்சாரம், நம்ம ஆத்தா. அழைப்பிதழ்ல அந்த ஆத்தா பேரே இல்ல, தயவுசெஞ்சு சேத்துங்க.)

2024 ஆகஸ்ட் 17ல திட்டம் தொறந்தாச்சு, 1,045 குளம் குட்டைல நம்ம குட்டையும் ஒண்ணு, பைப்புல தண்ணி வந்தன்னிக்கு ஊரே கரைல நின்னுச்சு. அதோட வேலை முடிஞ்சுதுன்னு நாம எல்லாரும் வீட்டுக்கு போயிட்டோம், அவரு மட்டும் போகல. ஏன்னு கேட்டா சொல்றாரு, திட்டத்துல எடுக்கறது காலிங்கராயன் அணைக்கட்டுக்கு கீழ போற உபரித்தண்ணி, மொத்தமே 1.5 டிஎம்சி, வருசத்துல 70 நாள்ங்கற கணக்கு. அதையும் ஆறு எடத்துல மோட்டார் வெச்சு மேட்டுக்கு ஏத்தி கொண்டாரோணும். பவானில உபரி போகலீன்னா பைப்புல காத்துதான் வரும். அன்னிக்கு குட்டைய காப்பாத்தறது வானத்துல இருந்து வர்ற தண்ணிதான், அது வர்ற பள்ளத்த, அந்த ஓடைய, நாம அடச்சு வெச்சுருக்கறோம்.

நெசமுங்க அது. போன மழைல பள்ளத்துல வந்த தண்ணி குட்டைக்கு வராம ரோட்டுல போச்சே, எல்லாரும் வீடியோ எடுத்து ஸ்டேட்டஸ் வெச்சோமே. ஒரு எடத்துல மண்ணு கொட்டி மேடாக்கியாச்சு, ஒரு எடத்துல வேலி, இன்னொரு எடத்துல சின்ன கொழாய போட்டு மேல தடம் போட்டாச்சு, மீதிய சீமைக்கருவேலம் புடிச்சுருச்சு. எங்கெங்க தண்ணி வந்துச்சு, எத்தன அகலம்னு நடந்து காட்டறதுக்கு இப்ப அவரு ஒருத்தர்தான் இருக்காரு, அவருக்கும் முட்டி வலி, ரொம்ப தூரம் நடக்க முடியல.

அதனால நான் கேக்கறது இதுதானுங்க. சாரட்டும் செண்டமேளமும் வேண்டாம். அந்த காசுல தாலூக்கா ஆபீஸ்ல பணம் கட்டி சர்வேயர வரவெச்சு, அப்பார வண்டில கூட்டிட்டு போயி, கிராம வரைபடத்த கைல வெச்சுட்டு பள்ளத்த அளந்து கல்லு நடோணும். ஆக்கிரமிப்புல என்ற பங்காளி வேலியும் வருது, அது எனக்கு தெரியும், அத முதல்ல எடுக்கச் சொல்லி நானே பேசறன். மீதி காசுக்கு ஜேசிபி வெச்சு முள்ள வேரோட புடுங்கோணும். நோட்டு முழுசும் ஸ்கேன் பண்ணி நம்ம ஸ்கூல்ல ஒரு காப்பி வெக்கோணும்.

இன்னொண்ணு, இதுல சிலருக்கு வருத்தம் வரும், வந்தாலும் சொல்லோணும். குட்டை வேலைக்கு ஊருக்கு ஒரு குழு, காலனிக்கு ஒரு குழுன்னு பிரிச்சப்ப, ஒரே குழுவா இருந்தா வர்றன், இல்லீன்னா வரலீன்னு சொன்ன மனுசன் அவரு. நூறு நாள் வேலைல அந்த கரைய வெட்டி கட்டுனதுல பாதிக்கு மேல காலனி பொம்பளைங்க. இப்ப உங்க விழாக்குழுல காலனி ஆளு ஒருத்தர் கூட இல்ல. அவரு பேர்ல இப்படி ஒரு விழா நடந்தா அவரு மேடை ஏறுவாருன்னு எனக்கு தோணல, ஏறக்கூடாதுன்னுதான் நானும் சொல்வன். இந்த வாரமே அவிங்கள கூப்புட்டு ஒக்கார வெச்சு பேசுங்க.

மாலை போடுங்க, வேண்டாம்னு சொல்லல, குட்டைக்கரைலயே வேப்பமரத்தடில போடலாம், எல்லாத்துக்கும் சோறாக்கி போடலாம், அரிசி நான் தர்றன். அக்டோபர் 2 கிராம சபைல பள்ளத்த அளக்கற தீர்மானம் வெக்கோணும், மனு எழுதி வெச்சுருக்கறன், கையெழுத்து போடறவிங்க பொழுதோட பால் சொசைட்டிகிட்ட வாங்க, அங்கதான் இருப்பன்.