6000 என்று விற்றீர்கள், 4800இல் ஓடினால் போதும் என்கிறீர்கள்

அனுப்புநர்:
திருமண வீடியோ எடிட்டிங் கூடம் நடத்தும் வாடிக்கையாளர்,
திண்டுக்கல்.

பெறுநர்:
மேலாளர், வாடிக்கையாளர் சேவைப் பிரிவு,
ரேம் தயாரிப்பு நிறுவனம், சென்னை அலுவலகம்.

பொருள்: டிடிஆர்5 வகைக் கணினி ரேம் (நினைவகம்) ஜோடி (16 ஜிபி × 2) பெட்டியில் குறிப்பிட்ட வேகத்தில் இயங்காததும், அதற்கு உத்தரவாதம் மறுக்கப்பட்டதும் குறித்து.

மதிப்பிற்குரிய ஐயா / அம்மையீர்,

வணக்கம். நேற்று உங்கள் சேவை மையத்திலிருந்து கூரியர் வந்தது. பத்தொன்பது நாள் காத்திருந்து பிரித்துப் பார்த்தால், நான் அனுப்பிய அதே இரண்டு ரேம். கூடவே ஒரு துண்டுச் சீட்டு: “பரிசோதிக்கப்பட்டது. பழுது இல்லை.” எந்த வேகத்தில் பரிசோதித்தார்கள் என்று அதில் ஒரு வார்த்தை இல்லை. தொலைபேசியில் கேட்ட பிறகுதான், 4800இல் ஓட்டிப் பார்த்தோம், நன்றாக ஓடியது என்றார்கள். நான் வாங்கியது 6000 ரேம், அதாவது நொடிக்கு 6000 மில்லியன் முறை தரவு கடத்தும் ரேம். இந்தக் கடிதம் இடையில் காணாமல் போன அந்த 1200ஐப் பற்றியது.

சென்ற ஆவணியில் என் கூடத்துக்குப் புதிய கணினி சேர்த்தேன். ஏஎம்டியின் ரைசன் 7 7700 பிராசசர், பி650 மதர்போர்டு, உங்கள் 32 ஜிபி ரேம் ஜோடி. ரேமுக்கு மட்டும் ரூ.11,200 கொடுத்தேன். உங்கள் நிறுவனத்தின் 4800 ரேம் அதே கடையில் ரூ.2,300 குறைவு. கடைக்காரர் இரண்டு பெட்டியையும் மேசைமேல் வைத்தார். ஒன்றின் முகப்பில் கட்டைவிரல் பருமனில் 6000 என்று அச்சிட்டிருந்தது. அந்த எண்ணைப் பார்த்துத்தான் கூடுதல் பணத்தை எண்ணிக் கொடுத்தேன்.

முதல் நாள் விண்டோஸ் டாஸ்க் மேனேஜரில் வேகம் 4800 என்று இருந்தது. சிபியு-இசட் மென்பொருளோ 2400 என்றது. பதறிப்போனேன். என் அக்காள் மகன் பொறியியல் படிக்கிறான், அவன் வந்து விளக்கினான். ஒரு துடிப்புக்கு இரண்டு முறை தரவு போவதால் அந்த மென்பொருள் பாதியைத்தான் காட்டுமாம். ரேமில் உள்ள ஒரு சிறு சில்லில் அடிப்படை வேகமும், எக்ஸ்போ என்ற பெயரில் 6000க்கான அமைப்பும் தனித்தனியே பதிவாகியிருக்குமாம். கணினியின் அடிப்படை அமைப்பு மென்பொருளான பயாஸுக்குள் போய் எக்ஸ்போவை நாமே இயக்கினால்தான் 6000 வரும், மின்னழுத்தமும் 1.1 வோல்ட்டிலிருந்து 1.35க்கு ஏறும். இதில் ஒரு வரிகூட உங்கள் பெட்டியில் இல்லை. விவரம் அறிந்த பிள்ளை வீட்டில் இல்லாதவர்கள் 6000க்குக் காசு கொடுத்துவிட்டு ஆண்டுக்கணக்கில் 4800இலேயே ஓட்டிக்கொண்டிருப்பார்கள்.

எக்ஸ்போவை இயக்கினோம். திரை சில நிமிடம் இருட்டாகவே இருந்தது. டிடிஆர்5இல் முதல்முறை அப்படித்தான், புதிய வேகத்துக்குக் கணினி ரேமைப் பழக்கிக்கொள்ளும் மெமரி டிரெய்னிங் நடக்கிறது என்று அவன் சொன்னதால் பொறுத்திருந்தேன். 6000 வந்தது. மூன்றாம் நாள் ஒரு முகூர்த்த வீடியோவை ரெண்டர் செய்துகொண்டிருக்கும்போது விண்டோஸ் முடங்கி நீலத் திரை விழுந்தது. தாலி கட்டும் பகுதிக்கு வண்ணம் சரிசெய்து முடித்திருந்தேன். அந்தக் கோப்பு பிறகு திறக்கவே இல்லை. இரவெல்லாம் உட்கார்ந்து முதலிலிருந்து செய்தேன். அந்த வாரத்தில் மட்டும் நான்கு முறை இப்படி நடந்தது.

வேகம் குறைந்த ரேம் வேலையைத் தாமதப்படுத்தும், அவ்வளவுதான். தப்புச் செய்யும் ரேம் கோப்பையே கெடுத்துவிடும். கெட்டுப்போனது அப்போதே தெரியவும் தெரியாது. ஊரார் தங்கள் வீட்டுக் கல்யாணத்தை என்னை நம்பி ஒப்படைக்கிறார்கள். கேமரா அட்டையை அழித்துவிட்டு அடுத்த முகூர்த்தத்துக்குப் போகிற தொழில் இது. கோப்பு கெட்டால் அந்தக் கல்யாணத்தை நான் மறுபடி நடத்திக் காட்ட முடியாது.

உங்கள் ஊழியர் தொலைபேசியில் அடுக்கிய காரணங்கள் ஒன்றையும் நான் தட்டவில்லை. ரேம்கள் பிராசசரிலிருந்து எண்ணி இரண்டாவது, நான்காவது ஸ்லாட்டுகளில்தான் இருந்தன. ஆனாலும் கழற்றித் துடைத்து மறுபடி பொருத்தினேன். பயாஸைப் புதுப்பித்தேன். பிறகு ஒவ்வொரு ரேமாக, ஒரே ஸ்லாட்டில், ஒரே அமைப்பில், ரேமின் பிழைகளைக் கண்டுபிடிக்கும் மெம்டெஸ்ட்86 மென்பொருளை ஓட்டினேன். முதல் ரேம் 6000இல் நான்கு சுற்றும் ஒரு பிழையின்றி முடித்தது. இரண்டாவது இருபது நிமிடத்துக்குள் பிழைகளைக் கொட்டத் தொடங்கியது. 5600இலும் பிழை வந்தது. 5200க்கு இறக்கிய பிறகே அடங்கியது. அந்த ரேமில் சிவப்பு ஒட்டுத்தாள் ஒட்டித்தான் உங்களுக்கு அனுப்பினேன். ஒட்டுத்தாள் கசங்காமல் திரும்பி வந்திருக்கிறது.

ஏஎம்டி நிறுவனம் இந்தப் பிராசசருக்கு உறுதி தருவது 5200 வரைதான் என்பதும் எனக்குத் தெரியும். அதற்கு மேல் பிராசசரே தடுமாறலாம் என்று நீங்கள் சொல்லக்கூடும். நியாயமான சந்தேகம்தான். அதனால் கடைக்காரரிடம் இன்னொரு 6000 ஜோடியை இரவல் வாங்கி, என் கணினியில் ஓர் இரவு முழுக்க 6000இல் ஓட்டினேன். ஒரு பிழைகூட இல்லை. சிவப்பு ஒட்டுத்தாள் ரேமை அக்காள் மகனின் நண்பன் கணினியில் போட்டுப் பார்த்தோம். அங்கும் 6000இல் பிழை. இதற்கு மேல் ஒரு வாடிக்கையாளன் என்ன நிரூபிக்க வேண்டும்?

இத்தனையும் சொன்ன பிறகு உங்கள் ஊழியர் தந்த பதில்: “எக்ஸ்போ என்பது ஓவர்கிளாக்கிங், சார். அதற்கு உத்தரவாதம் கிடையாது.”

நிர்ணயித்த வேகத்தைத் தாண்டி நானாக ஓட்டினேன் என்பது அதன் பொருள். அந்த எக்ஸ்போ அமைப்பை ரேமுக்குள் எழுதியது நானா? 6000 என்ற வேகமும் 1.35 வோல்ட்டும் உங்கள் தொழிற்சாலையில் பதித்தவை. நான் ஓர் எண்ணையும் மாற்றவில்லை. நீங்கள் பெட்டியில் அச்சிட்ட வேகத்தை, நீங்களே வைத்த வழியில் இயக்கினேன். அதை என் துணிச்சல் என்று சொல்லி உத்தரவாதத்தை மறுப்பது எந்த நியாயத்தில் சேரும்? பத்து முழ வேட்டிக்குக் காசு வாங்கிக்கொண்டு எட்டு முழம் கிழித்துக் கொடுத்துவிட்டு, உடுத்த முடிகிறதல்லவா என்று எந்தத் துணிக்கடைக்காரரும் கேட்கமாட்டார். பெட்டியின் பின்பக்கத்தில் “வாழ்நாள் உத்தரவாதம்” என்றும் போட்டிருக்கிறீர்கள். 6000க்கு விலை வாங்கிவிட்டு 4800க்கு மட்டும் உத்தரவாதம் என்றால், விற்கும்போதே அதைப் பெட்டியின் முகப்பில் அதே பருமனில் அச்சிட்டிருக்க வேண்டும். அச்சிட்டிருந்தால் நான் ரூ.2,300ஐ மிச்சப்படுத்தி மற்றப் பெட்டியை எடுத்திருப்பேன்.

தொலைபேசியில் பேசிய இளைஞர் மீது எனக்குக் கோபமில்லை. அவர் முன்னால் இருக்கும் விதியைப் படித்தார். என் புகார் அந்த விதியை எழுதியவர்களுக்கு.

இரண்டு ரேமையும் ஜோடியாகவே மாற்றித் தாருங்கள். ஜோடியாகச் சோதித்து விற்ற பொருளில் ஒன்றை மட்டும் மாற்றினால் மறுபடி இதே தொல்லைதான். வருகிற ஜோடியை 6000இல் எவ்வளவு நேரம் சோதித்தீர்கள் என்பதைச் சீட்டில் எழுதி அனுப்புங்கள். அது முடியாவிட்டால் ரூ.11,200ஐத் திருப்பித் தாருங்கள். நான் செலவழித்த கூரியர் கட்டணம் ரூ.240ஐயும் சேர்த்துத் தர வேண்டும்.

கடிதம் கிடைத்த 15 நாளுக்குள் எழுத்தில் பதில் வேண்டும். வராவிட்டால் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் பதிவு செய்வேன். அதிலும் தீராவிட்டால் 2019ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்குப் போவேன். வாடிக்கையாளர் வசிக்கும் மாவட்டத்திலேயே வழக்குத் தொடுக்க அந்தச் சட்டம் இடம் தருகிறது. எனக்குத் திண்டுக்கல்லை விட்டு நகர வேண்டியதில்லை.

விலைச் சீட்டின் நகல், பெட்டியின் இரு பக்கப் படங்கள், மெம்டெஸ்ட்86 திரைப் படங்கள், உங்கள் துண்டுச் சீட்டின் நகல் ஆகியவற்றை இணைத்திருக்கிறேன். இப்போதைக்கு ரேம்களை 5200இல் ஓட்டி வேலை செய்துகொண்டிருக்கிறேன். சிவப்பு ஒட்டுத்தாளை எடுக்கவில்லை.

இப்படிக்கு,
உங்கள் வாடிக்கையாளர்,
திண்டுக்கல்.