முதுகு தடித்த நோட்டு

காரைக்குடி

அன்புள்ள பாப்பாவுக்கு,

உன் ஜப்பான் பயணத்துக்கு நான் தைத்த இந்த நோட்டைக் கையில் எடுத்ததும், "என்னப்பா இது, முதுகு மட்டும் இவ்வளவு தடியாக இருக்கிறது, உள்ளே தாளைக் காணோம்" என்றுதான் கேட்பாய். வேண்டுமென்றே அப்படித் தைத்தது. நாலு தாளுக்கு ஒரு தரம், விரற்கடை அகலத்தில் காகிதப் பட்டை ஒன்று வைத்துச் சேர்த்துத் தைத்திருக்கிறேன். நீ டிக்கெட், மிட்டாய்த் தாள், கடை பில் என்று ஒட்ட ஒட்ட அந்தக் கனத்துக்கு முதுகில் இடம் வேண்டுமே. கடையில் வாங்கும் நோட்டில் அது இருக்காது. பாதி ஒட்டுவதற்குள் வாயைப் பிளந்துகொள்ளும், அப்புறம் தையல் விடும். வவுச்சர் ஒட்டுகிற நோட்டு தைக்க வந்தால் நம் பைண்டிங் கடையில் எப்போதும் இப்படித்தான்.

மற்றவர்களின் பயண நோட்டுகள் என்று நீ அனுப்பிய படங்களையெல்லாம் பார்த்தேன். பாதிப்பேர் பூ ஸ்டிக்கரும் அச்சடித்த லேபிளும் விலைக்கு வாங்கி ஒட்டியிருக்கிறார்கள். அழகுதான், இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் எந்த ஊருக்குப் போய்வந்தார்கள் என்று எனக்குத் தெரியவில்லை. நம் ஊருக்கு ஒருவர் வந்தால் அவர் நோட்டில் தேவகோட்டை பஸ் டிக்கெட் இருக்க வேண்டும், பலகாரக் கடைப் பொட்டலத் தாளில் ஒரு துண்டு இருக்க வேண்டும். கண்டாங்கி நெய்கிற இடத்தில் கீழே கிடந்த நூல், கொட்டான் பின்னுகிறவர்கள் வெட்டிப்போட்ட ஓலைத் துணுக்கு, இதெல்லாம் கேட்டால் சும்மாவே கொடுப்பார்கள்.

கோட்டையூர் ரோஜா முத்தையாவைப் பற்றிச் சொல்லியிருக்கிறேன். போர்டு எழுதுகிற ஓவியர். பழைய புத்தகங்களோடு நாடக நோட்டீஸ், கல்யாணப் பத்திரிகை என்று, மற்றவர்கள் எடைக்குப் போடுகிற காகிதத்தையும் வீடு நிறையச் சேர்த்து வைத்தார். 1992-இல் அவர் காலமான பிறகு சிகாகோ பல்கலைக்கழகம் அதை வாங்கியது. 1994-இல் சென்னையில் அவர் பெயரிலேயே நூலகம் அமைந்தது. அங்கே போய் ஒரு பழைய நோட்டீஸை எடுத்துப் பார்த்தால் ஊர், தேதி, கீழே பொடி எழுத்தில் அச்சகத்தின் பெயர் என்று அதுவே எல்லாம் சொல்லிவிடும். நீ பொறுக்கும் மிட்டாய்த் தாள் சொல்லாது. அதனால் ஒட்டிய கையோடு பக்கத்தில் எழுதிவிடு. "அருமையான இடம், நல்ல வெயில்" என்று எழுதாதே. என்ன விலை, யார் கொடுத்தார்கள், எதிர் சீட்டில் இருந்தவர் என்ன சாப்பிட்டார், அதை எழுது. ரூமுக்குப் போய் எழுதிக்கொள்ளலாம் என்று விட்டால் தூக்கம்தான் வரும்.

பில்களில் ஒரு சங்கடம் இருக்கிறது. மெஷினில் வரும் வழவழப்பான தாளில் மை கிடையாது. சூடுபட்டுக் கறுக்கிற தாள் அது. சில மாதத்தில் எழுத்து மங்கி வெள்ளையாகிவிடும், லேமினேஷன் சூட்டில் விட்டாலோ முழுக்கக் கறுத்துப்போகும். இங்கே கண்டக்டர் கொடுக்கிற டிக்கெட்டும் இப்போது அந்தத் தாள்தான். முன்பு கலர் கலராக, குத்துப்போட்டுக் கொடுத்தார்களே, அதைப் போல வராது. அந்த மாதிரி பில் எதையாவது ஒட்டினால் அதில் உள்ளதைப் பேனாவால் கீழே எழுதி வை, அல்லது ஜெராக்ஸ் எடுத்து ஒட்டு. செலோ டேப் மட்டும் வேண்டவே வேண்டாம். மஞ்சளாகி, பிசின் கசிந்து, எதிர்ப் பக்கத்தையும் சேர்த்துப் பிடித்துக்கொள்ளும். நான் கடையில் காய்ச்சுவது மைதா பசை. பூச்சி வராமல் இருக்க மயில்துத்தம் போடுவேன், விஷம். அது உனக்கு வேண்டாம். குச்சிப் பசை போதும், தாளும் சுருங்காது.

ஜப்பான் ரயில் ஸ்டேஷன்களில் ரப்பர் ஸ்டாம்ப் வைத்திருக்கிறார்கள், யார் வேண்டுமானாலும் குத்திக்கொள்ளலாம் என்றாயே, அதைக் கேட்டதில் இருந்து எனக்கே போகலாம் போல இருக்கிறது. 1931-இல் ஃபுகுயி ஸ்டேஷனில் தொடங்கிய வழக்கமாம். மை உடனே காயாது, அதற்காகத்தான் உள்ளே ஒற்றுத் தாள் வைத்திருக்கிறேன். இறங்குகிற ஸ்டேஷனில் வாசல் கேட் மெஷின் உன் டிக்கெட்டை உள்ளே இழுத்துக்கொள்ளும். அதில் போடாமல் பக்கத்தில் நிற்கும் ஆளிடம் கேள், செல்லாது என்று முத்திரை குத்தி உன் கையிலேயே கொடுப்பார்கள். கோயில் முத்திரையை மட்டும் இந்த நோட்டில் கேட்காதே. அங்கே தூரிகையால் எழுதி, சிவப்பு முத்திரை வைத்துக் கொடுப்பது வழிபாட்டோடு சேர்ந்த விஷயம். சாதாரண நோட்டை நீட்டினால் சில கோயில்களில் மறுத்துவிடுவார்கள். அதற்கென்று தனி நோட்டு விற்கிறது, விசிறி மாதிரி மடித்தது. அதில் ஒன்று கட்டாயம் வாங்கி வா. முதுகே இல்லாமல் எப்படி ஒட்டியிருக்கிறார்கள் என்று பிரித்துப் பார்க்க வேண்டும்.

இலை, விதை எதையும் ஒட்டாதே. ஏர்போர்ட்டில் தொல்லை. வரைந்துகொள். வரைய வராது என்று நீ சொல்வது எனக்குத் தெரியும். முகம், மலை, மேகம் பக்கம் போகாமல் ஓரம் தெளிவாக இருக்கிற பொருளாகப் பார்த்து ஆரம்பி: தட்டு, பூட்டு, டைல்ஸ். பேனாவால் வரை, ரப்பர் எடுத்துப்போகாதே. தாள் மெல்லிசுதான், அதனால் தண்ணீர்க் கலர் வைத்தால் நெளியும். கலர் பென்சில் போதும்.

டைல்ஸ் என்றதும்தான் முக்கியமான விஷயம். கானாடுகாத்தான் வீடுகளில் சுவரில் இடுப்பளவுக்குப் பூப்போட்ட டைல்ஸ் பார்த்திருப்பாய். அதில் நிறைய, ஜப்பானில் இருந்து கப்பலேறி வந்தது. நம் ஆத்தங்குடி டைல்ஸ் வேறு. கண்ணாடிமேல் அச்சை வைத்துச் சாயத்தை ஊற்றி, பின்னால் சிமெண்டும் மணலும் போட்டு எடுப்பது. கண்ணாடி போலவே வழவழவென்று இருக்கும், தாளை வைத்துப் பென்சிலால் தேய்த்தால் ஒன்றும் வராது. ஜப்பான் டைல்ஸில் பூ மேடாக நிற்கும், தேய்த்தால் நரம்புவரை விழும். வேலைக்காகப் போன ஒரு வீட்டில் கேட்டு ஒன்றை அப்படி எடுத்து, நோட்டின் பின்னட்டைப் பையில் வைத்திருக்கிறேன். நகோயா பக்கம் டோகோனாமே என்ற ஊரில் டைல்ஸுக்கென்றே மியூசியம் இருக்கிறது. முடிந்தால் போ. இதே போலப் பூ இருந்தால் தொடாமல் தள்ளி நின்று வரைந்து, எதிர்ப் பக்கத்தில் இந்தத் தேய்ப்பை ஒட்டு. இல்லாவிட்டால் அங்கே இருக்கிற வேறு ஒன்றை வரை, அதுவும் சரிதான்.

அம்மா சீப்புச்சீடையும் அதிரசமும் கட்டிக் கொடுத்திருக்கிறாள். அதிரசப் பொட்டலத்தை நோட்டின் மேல் வைத்துவிடாதே, எண்ணெய் இறங்கும்.

அன்புடன்,
அப்பா