மறதியை மட்டும் கேட்காதீர்கள், டாக்டர்

மூளை, மன நோயாளிகளை முதலில் பார்க்கும் மருத்துவர்களுக்கு,

வணக்கம். என் கணவருக்கு டிமென்ஷியாவில் ஒரு வகை 54 வயதில் தொடங்கியது. பூட்டை இழுத்துப் பார்ப்பார். ஐந்து நிமிடம் கழித்து மறுபடியும் இழுப்பார். மழையோ வெயிலோ, தினமும் அதே தெருக்களில் அதே வரிசையில் நடந்துவிட்டு வருவார்; ஒருநாளும் வழி தவறியதில்லை. உட்கார்ந்தால் தொடையில் தாளம். காலி டப்பா ஒன்றைக்கூட எறிய விடமாட்டார். இனிப்பைக் கண்டால் கை நிற்காது. ஒரே கதையை ஒரு சொல் பிசகாமல் நாளுக்குப் பத்துத் தடவை சொல்வார்.

உங்களில் ஒருவர் தேதி கேட்டார், மூன்று சொற்களைச் சொல்லி நினைவில் வைக்கச் சொன்னார். எல்லாவற்றுக்கும் சரியாகப் பதில் வந்தது. "மறதி இல்லையேம்மா" என்று அனுப்பிவிட்டார். இன்னொருவர் ஓசிடி, அதாவது ஒரே எண்ணமும் செயலும் விடாமல் துரத்தும் மனநோய் என்றார். மூன்றாமவர் அல்சைமருக்குத் தரும் டோனெபெசில் எழுதினார். அதைச் சாப்பிட்ட நாட்களில் அவருடைய பரபரப்பு கூடியதுதான் மிச்சம். இந்த நோய்க்கு அது உதவுவதில்லை, சிலருக்கு நடத்தையை மோசமாக்கும் என்பது எனக்குப் பிறகுதான் தெரிந்தது.

நோயின் பெயர் ஃபிரன்டோடெம்போரல் டிமென்ஷியா. மூளையின் முன்மடலும் பக்கமடலும் தேய்வதால் வருவது. ஆர்னால்ட் பிக் என்ற மருத்துவர் 1892லேயே இதைப் பற்றி எழுதத் தொடங்கிவிட்டார். டிமென்ஷியாவை நாம் 'முதுமை மறதி' என்கிறோம். என் கணவருக்கு முதுமையும் இல்லை, மறதியும் இல்லை. அந்தப் பெயரை நம்பித்தான் நானும் இரண்டு வருடம் இதை வெறும் பிடிவாதம் என்று நினைத்துச் சண்டை போட்டேன்.

இந்த நோயில் நடத்தையை மாற்றும் வகைக்கு 2011இல் வகுத்த அளவுகோலில் ஆறு அடையாளங்கள் உண்டு. மூன்று இருந்தாலே சந்தேகிக்க வேண்டும். திரும்பத் திரும்பச் செய்வது அவற்றில் ஒன்று. கூச்சம் விட்டுப்போவது, எதிலும் நாட்டமின்மை, அடுத்தவர் வலி உறைக்காமல் போவது, சாப்பாட்டுப் பழக்கம் மாறுவது, திட்டமிட்டுச் செய்ய முடியாமல் போவது மற்றவை.

ஓசிடி உள்ளவருக்குப் பெரும்பாலும் பதற்றம் இருக்கும். செய்யாவிட்டால் ஏதோ நடந்துவிடும் என்ற பயம் பிடுங்கும். இவரிடம் ஏன் பூட்டை இழுக்கிறீர்கள் என்று கேட்டுப் பாருங்கள். "சும்மாதான்" என்பார். முகத்தில் ஒரு சலனமும் இருக்காது.

கையைப் பிடித்து நிறுத்தினால் கோபம்தான் வருகிறது. இப்போது பழைய காகிதங்களைக் கொடுத்து அடுக்கச் சொல்கிறேன். பூட்டை மறந்து ஒரு மணி நேரம் உட்கார்ந்திருப்பார். நடைக்குப் போகும்போது சட்டைப்பையில் முகவரி அட்டை இருக்கும். இதையெல்லாம் தட்டுத் தடுமாறித்தான் கற்றேன். நோயைக் கண்டுபிடித்த அன்றே நீங்கள் சொல்லியிருக்கலாம்.

ஒன்றே ஒன்று கேட்கிறேன். அவரிடம் கேட்டால் "எனக்கென்ன, நன்றாகத்தான் இருக்கிறேன்" என்பார். தன் மாற்றம் தனக்குத் தெரியாததும் இந்த நோயின் கூறுதான். அதனால் அவரை ஐந்து நிமிடம் வெளியே உட்கார வைத்துவிட்டு, கூட வந்தவரிடம் கேளுங்கள்: ஒரு நாளில் எதையெல்லாம் திரும்பத் திரும்பச் செய்கிறார்? அவர் பக்கத்தில் இருக்கும்போது எங்களுக்கு வாய் வராது.

இப்படிக்கு,
ஒரு மனைவி