கன்ட்ரோலர் விஷயமாக

அன்புள்ள மாப்ள,

உன் கடிதம் கிடைத்தது. பாப்பா அழாமல் பள்ளிக்கூடம் போகிறாள் என்று படித்ததும் நிம்மதி. இங்கே எல்லோரும் சௌக்கியம். அப்பாவுக்குக் கண் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. இப்போது பேப்பரை வரி விடாமல் படிப்பதோடு, கேட்க விரும்பாதவர்களுக்கும் சத்தமாக வாசித்துக் காட்டுகிறார்.

சரி, நீ கேட்டதற்கு வருகிறேன். உன் பில்லிங் மென்பொருளில் எல்லாக் கன்ட்ரோலரின் (வரும் கோரிக்கையைக் கவனித்துப் பதில் தரும் நிரல் பகுதி) தலையிலும் அதே வரிகள்: எந்தக் கடை, யார் லாகின் ஆகியிருக்கிறார், தமிழா ஆங்கிலமா, மெனுவில் காட்டும் நிலுவை பில் எண்ணிக்கை. மொத்தத்தையும், பக்கங்களுக்கான கன்ட்ரோலர்களுக்கெல்லாம் தாயான அப்ளிகேஷன் கன்ட்ரோலருக்குத் தூக்கிவிடலாமா என்கிறாய். நீ பயன்படுத்தும் ரெயில்ஸில் (ரூபி மொழியின் வலைச் சட்டகம்) அது சுலபம்தான். ஆனால் நான் நாலையும் ஒரே மாதிரி தூக்க மாட்டேன்.

கடையைக் கண்டுபிடிப்பதும் லாகின் சோதனையும் யோசிக்காமல் அங்கே போகட்டும், அதே வரிசையில். பிஃபோர்_ஆக்‌ஷன்கள் (ஆக்‌ஷனுக்கு, அதாவது பக்கத்தைத் தரும் மெத்தடுக்கு, முன்னால் ஓடுபவை) எழுதிய வரிசையில்தான் ஓடும். கடை தெரியாமல் அந்தக் கடையின் ஆளைத் தேட முடியாது. லாகின் தேவையில்லாத பக்கத்தில் மட்டும் அந்தச் சோதனையை விலக்க ஸ்கிப்_பிஃபோர்_ஆக்‌ஷன் போடு. அதைப் போட மறந்தால் பக்கம் பூட்டிக் கிடக்கும், அன்றைக்கே யாராவது போன் செய்து திட்டுவார்கள். இப்போது நீ வைத்திருக்கும் முறையில் ஒரு கன்ட்ரோலரில் சோதனையை மறந்தால் பக்கம் திறந்து கிடக்கும். அதை யாரும் போன் செய்து சொல்லப் போவதில்லை.

இதில் ஒரு குழி இருக்கிறது. மேலே எல்லாவற்றுக்கும் லாகின் சோதனை இருக்கும்போது, கீழே ஒரு கன்ட்ரோலரில் யாராவது ‘எதற்கும் இருக்கட்டும்’ என்று அதே மெத்தட் பெயரை ஒன்லி: எடிட் (எடிட் ஆக்‌ஷனுக்கு மட்டும்) என்று மறுபடி எழுதினால், பாதுகாப்பு கூடாது, குறையும். ஒரே பெயரில் இரண்டாவது முறை சொன்னால் ரெயில்ஸ் முதலாவதை நீக்கிவிடுகிறது. அந்தக் கன்ட்ரோலரில் எடிட் தவிர மற்றதெல்லாம் திறந்துவிடும், எர்ரரும் வராது. பழைய வரிகளைத் துடைக்கும்போது ஒன்றுகூட மிச்சம் வைக்காதே.

மொழிக்கு பிஃபோர் வேண்டாம், அரௌண்ட்_ஆக்‌ஷன் (ஆக்‌ஷனைச் சுற்றி முன்னும் பின்னும் ஓடுவது) போட்டு உள்ளே, அந்த வேலை முடியும்வரை மட்டும் மொழியை மாற்றும் வித்_லோகேல் பயன்படுத்து. லோகேலை (மொழி அமைப்பை) நேரடியாக மாற்றிவிட்டுப் போனால், பூமா சர்வரின் அதே த்ரெட்டில் (கோரிக்கைகளை ஒவ்வொன்றாகக் கவனிக்கும் இழை) வரும், தன் மொழியைத் தானே அமைக்காத அடுத்த கோரிக்கையிலும் அது ஒட்டிக்கொண்டிருக்கும். கோவைக்காரர் தமிழில் பார்த்ததால் பெங்களூர்க்காரருக்கும் தமிழ்ப் பக்கம் வரலாம். நமக்குச் சந்தோஷம்தான், அவருக்கு?

நிலுவை எண்ணிக்கையை மட்டும் எந்த ஆக்‌ஷனுக்கு முன்னாலும் ஓட விடாதே. பிடிஎஃப் இறக்குகிறவருக்கு மெனுவே கிடையாது. அவருக்காக டேட்டாபேஸில் எதற்கு ஒரு கேள்வி? சாதாரண மெத்தடாக எழுதி, ஹெல்பர்_மெத்தட் ஆக்கி (அப்போது வியூவும், அதாவது பக்கத்தின் டெம்ப்ளேட்டும், அதைக் கூப்பிடலாம்), ஒருமுறை எண்ணியதை இன்ஸ்டன்ஸ் வேரியபிளில் வைத்துக்கொள். வியூ கேட்டால் எண்ணட்டும். தலையில் ஐந்து ‘செட்_’ மெத்தட் ஓடி, எந்த வேரியபிள் எங்கிருந்து வந்தது என்று தேட வைக்கும் கன்ட்ரோலர்களைப் பார்த்தாலே எனக்கு எரிச்சல் வரும்.

பாதிக் கன்ட்ரோலர்களுக்கு மட்டும் வேண்டியதை, கடை நிர்வாகிக்கான சோதனை மாதிரி, கன்சர்னாக (பல கன்ட்ரோலர்களில் சேர்க்கக்கூடிய மாட்யூல்) எழுதி வேண்டிய இடத்தில் இன்க்ளூட் செய். ரெயில்ஸ் 8 ஜெனரேட் செய்து தரும் லாகின் வசதியே ‘ஆதென்டிகேஷன்’ என்ற கன்சர்ன்தான். ஒரு வெற்று ஆப்பில் அந்த ஜெனரேட்டரை ஓட்டி, அந்தக் கோப்பைப் படித்துப் பார். உன் மொபைல் ஏபிஐ கன்ட்ரோலர்கள் (ஆப்புக்குப் பக்கமில்லாமல் தரவு மட்டும் தருபவை) ஆக்‌ஷன்கன்ட்ரோலர்::ஏபிஐ-யின் வாரிசுகள் என்பதால் அப்ளிகேஷன் கன்ட்ரோலரில் வைப்பது எதுவும் அவற்றுக்குப் போய்ச் சேராது. கன்சர்ன் இரண்டு பக்கமும் போகும். ஒரு சிக்கல்: ஏபிஐ பக்கம் ஹெல்பர்_மெத்தட் கிடையாது, அந்த வரி இருந்தால் உடனே எர்ரர் காட்டிக் கத்தும்.

ரெயில்ஸ் 7.1-க்குப் போய்விட்டாய் என்றால் ரெய்ஸ்_ஆன்_மிஸ்ஸிங்_கால்பேக்_ஆக்‌ஷன்ஸ் என்ற செட்டிங்கை டெவலப்மென்ட்டிலும் டெஸ்டிலும் போட்டு வை. ஒன்லி-யில் இல்லாத ஆக்‌ஷன் பெயரை எழுதினால் காட்டிக்கொடுக்கும். பொது கன்சர்னுக்குள் ஒன்லி போட்டிருந்தால் அந்த ஆக்‌ஷன் இல்லாத கன்ட்ரோலர்களும் கத்தும். அப்போது ஒன்லியை அங்கிருந்து எடுத்துவிடு, செட்டிங்கை அணைக்காதே.

எல்லாவற்றையும் ஒரே நாளில் மாற்றாதே. முதலில் லாகின், அதற்கு டெஸ்ட், அப்புறம் மற்றது. பொங்கலுக்கு ஊருக்கு வருகிறாயா என்று எழுது. வந்தால் லேப்டாப்பை வீட்டிலேயே வைத்துவிட்டு வா.

அன்புடன்,
உன் மாப்ள