கோழிக்கு அன்னாசிப் பாகு

அன்புள்ள மக்களே,

கூடத் தங்கியிருக்கும் பிள்ளைகளுக்குப் பழப்பாகு பூசிய கோழி செய்து கொடுக்கப் போவதாக எழுதியிருந்தாய். அதற்குக் கடைப் பாகை வாங்காதே. பாட்டிலில் வருவதில் இனிப்புதான் முன்னால் நிற்கும், புளிப்பு பெயருக்குத்தான். நம் குலசேகரம் பக்கம் இளம் ரப்பர்க் கன்றுகளுக்கு இடையில் விளையும் அன்னாசியைத் தின்று வளர்ந்த நாக்கு உனக்கு. அது அந்தப் பாகை ஒப்புக்கொள்ளாது.

கால், தொடைத் துண்டுகளாக ஒரு கிலோ வாங்கு. தோலை உரிக்கச் சொல்லாதே, பாகு பிடிப்பதே தோலில்தான். உப்பும் இஞ்சி பூண்டு விழுதும் தடவி முதல் நாள் இரவே குளிர்பெட்டியில் வைத்துவிடு. பச்சை அன்னாசிச் சாற்றை மட்டும் அப்போது சேர்க்காதே. அதில் உள்ள ப்ரோமிலைன் என்ற நொதி இறைச்சியின் புரதத்தை அறுக்கும். விடிவதற்குள் மேல்சதை கொழகொழத்துவிடும். நர்சிங் படித்த உனக்கு அந்தப் பெயர் தெரிந்திருக்கும். அன்னாசி தின்றால் நாக்கு அரிப்பதிலும் அதற்குப் பங்குண்டு. சாற்றைக் கொதிக்கவைத்தால் அதன் வேகம் அடங்கிவிடும்.

பாகுக்கு நன்றாகப் பழுத்த பழமாகப் பார். அடியில் முகர்ந்தால் மணக்க வேண்டும். இரண்டு கப் சாறு எடுத்து, அகலமான பாத்திரத்தில் பாதியாக வற்றும்வரை கொதிக்க விடு. நான் கொடுத்துவிட்ட கருப்பட்டியில் 50 கிராம் தட்டி, சிறிது வெந்நீரில் கரைத்து, வடிகட்டி ஊற்று, மண் இருக்கும். சீனி போட்டாலும் பாகு வரும், ஆனால் கருப்பட்டியின் அந்தப் புகைமணம் வராது. ஒன்றிரண்டாக இடித்த நல்லமிளகு ஒரு தேக்கரண்டி, கிராம்பு மூன்று, வற்றல் மிளகாய் இரண்டு, கொஞ்சம் உப்பு. கரண்டியின் பின்புறத்தில் ஒட்டி நிற்கும்போது இறக்கி, ஒரு மேசைக்கரண்டி எலுமிச்சைச் சாறு விடு. ஆறினால் இன்னும் கெட்டியாகும், அதனால் அடுப்பிலேயே இறுக விடாதே.

இனிதான் கவனம் வேண்டும். பாகைத் தொடக்கத்திலேயே பூசினால் கோழி வேகுமுன் சர்க்கரை கரிந்து கசக்கும். ஓவனை 200 டிகிரியில் வைத்து, துண்டுகளை முதலில் வெறுமனே அரைமணி நேரம் வேகவிடு. தோலின் கொழுப்பு உருகிப் பொன்னிறம் வந்தபிறகு பாகைப் பூசு. ஐந்து நிமிடம் கழித்து இன்னொரு பூச்சு, பிறகு மேலும் ஒன்று. எலும்பை ஒட்டிய தடித்த இடத்தில் வெப்பமானி 74 டிகிரிக்குக் குறையக் கூடாது. தொடைக்கு அதற்கு மேலே போனாலும் நல்லதுதான், இன்னும் இளகும்.

மார்த்தாண்டம் தேன் மிச்சம் இருந்தால் கடைசிப் பூச்சில் மட்டும் ஒரு கரண்டி கலந்துகொள். தேன் சீக்கிரம் கருகும். ரப்பர்த் தளிரில் ஊறும் இனிப்பைத் தேனீ எடுத்துச் சேர்த்தது அது. அன்னாசியோடு நன்றாகச் சேரும். மேசைக்கு வைக்கும் பாகை முன்பே தனிக் கிண்ணத்தில் எடுத்துவிடு, கோழியைத் தொட்ட தூரிகை அதில் படக் கூடாது.

உறைந்த மரச்சீனிக் கிழங்கு அங்கே கிடைக்கிறது என்று சொன்னாயே, உப்புப் போட்டு அவித்துக் கூட வை. இரவுப் பணி முடிந்த அன்றே அடுப்படியில் நிற்காதே. தூங்கி எழுந்து அடுத்த நாள் செய். தோல் எப்படி வந்தது என்று அப்பாவுக்கும் சேர்த்து எழுது.

அன்புடன்,
அம்மா