மாநாட்டுக்குச் செல்வோர் கேட்பதற்கும் தயாராக வேண்டும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். டோஸ்ட்மாஸ்டர்ஸ் பேச்சுப் பயிற்சி மன்றங்களின் ஆண்டு மாநாடுகள் பெரும்பாலும் ஏப்ரல், மே மாதங்களில் நடைபெறுகின்றன. போட்டியில் பேச இருப்பவர்கள் பல வாரங்கள் முன்பிருந்தே ஒத்திகை பார்க்கிறார்கள். ஆனால் அரங்கில் அமர இருக்கும் மற்ற உறுப்பினர்களில் பலர், ரயில் டிக்கெட்டும் தங்கும் அறையும் உறுதியாகி, முதல் நாள் மாலை உடுத்தும் உடையும் முடிவாகிவிட்டால் தங்கள் தயாரிப்பு முடிந்துவிட்டதாகவே எண்ணுகிறார்கள். பல ஆண்டுகளாக இம்மாநாடுகளுக்குச் சென்று வருபவன் என்ற முறையில், கேட்பவர்களுக்கும் தயாரிப்பு தேவை என்பதை வலியுறுத்தவே இக்கடிதத்தை எழுதுகிறேன்.

1924ஆம் ஆண்டு அக்டோபர் 22 அன்று கலிஃபோர்னியாவின் சாண்டா ஆனா நகரில் ரால்ஃப் ஸ்மெட்லி தொடங்கிய இந்த அமைப்பின் கூட்டங்களில், ஒருவர் பேசி அமர்ந்ததும் இன்னொருவர் எழுந்து அப்பேச்சின் நிறைகளையும் திருத்த வேண்டிய இடங்களையும் சொல்ல வேண்டும். பேச்சாளர் வளர்வது அந்த இரண்டு மூன்று நிமிட மதிப்பீட்டில்தான் என்பது மன்றத்தில் சில மாதங்கள் இருந்தவர்களுக்குத் தெரியும். அப்படியிருந்தும், மாநாட்டில் மதிப்பீட்டுப் போட்டி நடக்கும்போது அரங்கில் பாதி நாற்காலிகள் காலியாகிவிடுகின்றன. தேநீருக்கும் புகைப்படத்துக்கும் உறுப்பினர்கள் வெளியே போய்விடுகிறார்கள். கட்டணம் செலுத்தி, விடுப்பு எடுத்து, வெகுதூரம் பயணம் செய்து வந்தவர்கள் மாநாட்டின் மிகப் பயனுள்ள நிகழ்ச்சியையே தவறவிடுவது எனக்கு உண்மையிலேயே வருத்தமளிக்கிறது.

அப்போட்டி நடக்கும் முறையை அறிந்தால் அதன் அருமை புரியும். முதலில் ஒருவர் மாதிரிப் பேச்சாக ஐந்து முதல் ஏழு நிமிடம் பேசுவார். அதை ஒருமுறை மட்டுமே கேட்ட போட்டியாளர்கள் அனைவரும் உடனே அரங்கைவிட்டு வெளியே அழைத்துச் செல்லப்படுவார்கள். குறிப்பெழுத ஐந்து நிமிடம் கிடைக்கும். அது முடிந்ததும் தாள்கள் வாங்கி வைக்கப்பட்டு, அவரவர் மேடையேறும்போதுதான் திருப்பித் தரப்படும். புதிதாகச் செல்லும் உறுப்பினர்களுக்கு நான் சொல்வது ஒன்றுதான்: நீங்களும் ஒரு நோட்டுப் புத்தகத்தோடு அமருங்கள், அந்த ஐந்து நிமிடத்தில் உங்கள் மதிப்பீட்டை நீங்களும் எழுதுங்கள். பிறகு ஒவ்வொரு போட்டியாளரும் பேசும்போது, நீங்கள் கவனிக்காத எதை அவர் கவனித்தார், நீங்கள் 'நன்றாக இருந்தது' என்று பொதுவாக எழுதிய இடத்தில் அவர் எந்தச் சொல்லை, எந்தக் கையசைவை, எந்த இடைநிறுத்தத்தை எடுத்துக் காட்டினார் என்று ஒப்பிட்டுப் பாருங்கள். உங்கள் காது எவ்வளவு தீட்டப்பட வேண்டும் என்பது அந்த ஒரு மணி நேரத்தில் விளங்கிவிடும். முன்னதாகவே மன்றக் கூட்டங்களில் சில முறை மதிப்பீட்டாளர் பொறுப்பை ஏற்றுப் பழகியிருந்தால் பயன் இன்னும் கூடும்.

முன் தயாரிப்பின்றி உடனே பேச வேண்டிய டேபிள் டாபிக்ஸ் போட்டியையும் இப்படியே கேட்கலாம். எல்லாப் போட்டியாளர்களுக்கும் ஒரே தலைப்புதான். தங்கள் முறை வரும்வரை அவர்கள் அரங்குக்கு வெளியே இருப்பார்கள். ஒரே கேள்விக்கு ஒருவர் பின் ஒருவராக அந்தக் கணத்திலேயே விடை கோர்ப்பதைக் காணும் வாய்ப்பு வேறெங்கும் எளிதில் கிடைக்காது.

போட்டியாளர்களுக்கும் ஒரு சொல். சர்வதேசப் பேச்சுப் போட்டியில் ஐந்தாம் நிமிடம் பச்சை விளக்கும், ஆறாம் நிமிடம் மஞ்சளும், ஏழாம் நிமிடம் சிவப்பும் எரியும். ஏழரை நிமிடத்தைத் தாண்டினால் தகுதியிழப்பு. மன்றத்தில் இருபது பேர் முன்னால் ஆறே முக்கால் நிமிடத்தில் முடிந்த பேச்சு, சில நூறு பேர் அமர்ந்த அரங்கில் சிரிப்பும் கைதட்டலும் அடங்கக் காத்திருக்கும்போது எளிதாக எல்லையைக் கடந்துவிடும். ஆகவே, ஆறு நிமிடத்துக்குள் அடங்குமாறு பேச்சைச் சுருக்கிக்கொண்டு செல்வதே நல்லது. போட்டிக்கு முந்தைய விளக்கக் கூட்டத்துக்கு நேரத்தோடு சென்று, மேடையில் நின்று பார்த்து, விளக்கு எங்கே இருக்கிறது, சட்டையில் மாட்டும் மைக் எப்படி ஒலிக்கிறது என்பதைத் தெரிந்துகொள்ளுங்கள்.

2014இல் கோலாலம்பூரில் நடந்த சர்வதேச மாநாட்டில் இலங்கையைச் சேர்ந்த தனஞ்சய ஹெட்டியாராச்சி உலகப் பேச்சுச் சாம்பியன் ஆனார். நமக்கு மிக அருகிலுள்ள ஒரு நாட்டிலிருந்து, மன்றம், பகுதி, பிரிவு, மாவட்டம் என்று இப்போட்டியின் இதே சுற்றுகளில் ஏறிச் சென்றவர் அவர். நம் ஊர் மாநாட்டு மேடையில் ஏறும் ஒருவரும் அங்கே சென்று நிற்க முடியும் என்று நான் நம்புகிறேன். அவருக்கு உண்மையான மதிப்பீட்டைச் சொல்லக்கூடியவர்கள் அரங்கில் நிறைந்திருந்தால் அந்தப் பயணம் விரைவுபடும்.

மாநாட்டு ஏற்பாட்டாளர்களிடமும் பணிவான வேண்டுகோள் உண்டு. எந்தப் போட்டி எந்த நேரத்தில் என்ற நிகழ்ச்சிநிரலைப் பத்து நாட்களுக்கு முன்பாவது உறுப்பினர்களுக்கு அனுப்புங்கள். மதிப்பீட்டுப் போட்டியைத் தேநீர் இடைவேளையை ஒட்டி வைக்காதீர்கள். போட்டியாளர்கள் வெளியே குறிப்பெழுதும் ஐந்து நிமிடத்தில் அறிவிப்புகள் செய்வதைத் தவிர்த்து, பார்வையாளர்களுக்கும் ஆளுக்கொரு வெள்ளைத்தாள் கொடுத்து எழுதச் சொல்லுங்கள். மாணவ உறுப்பினர்களுக்குக் கட்டணத்தைக் குறைக்க இயன்றால், அவர்களில் இன்னும் பலர் அந்த நாற்காலிகளில் வந்து அமர்வார்கள்.

இப்படிக்கு,
பேச்சு மன்ற உறுப்பினர் ஒருவர்,
மதுரை.