உடைந்த டேப்பை ஈஸி அவுட் எடுக்காது

ஆசிரியருக்கு வணக்கம்.

வியாசர்பாடி, கொருக்குப்பேட்டை, மணலி பக்கத்து லேத்துப் பட்டறைகளுக்கு ஓயாமல் வரும் வேலை ஒன்று உண்டு. இன்ஜின் பிளாக்கிலோ பம்பு உறையிலோ போல்ட் முறிந்து உள்ளே நிற்கும். அல்லது துளைக்குள் மரை வெட்டும் கருவியான டேப்பே முறிந்து நிற்கும். முறிந்தது முறிந்தபடி வந்தால் பெரும்பாலும் பொருளைக் காப்பாற்றிவிடலாம். ஆனால் பல நேரம் வருவது அப்படி இல்லை. உள்ளே ஒரு ஈஸி அவுட்டும் (முறிந்த போல்ட்டில் துளை போட்டு, அதில் செருகிக் கழற்றும் திசையில் முறுக்கும் கருவி) சேர்ந்து முறிந்திருக்கும், பக்கத்தில் கோணலாக ஒரு டிரில் ஓட்டையும் இருக்கும். அந்த இரண்டாவது முறிவைத் தடுக்கலாம் என்பதால்தான் இந்தக் கடிதம்.

போல்ட் முறிந்ததும், அது எப்படி முறிந்தது என்பதை முதலில் பார்க்க வேண்டும். பூட்டும்போது அதிகம் முறுக்கித் தலை போயிருந்தாலோ, ஓட்டத்தின் அதிர்வில் அறுந்திருந்தாலோ, மிச்சத் துண்டு மரைக்குள் தளர்வாகத்தான் நிற்கும். கூரான எஃகுப் பஞ்ச் கருவியை அதன் ஓரத்தில் சாய்த்து வைத்து, கழற்றும் திசையில் மெல்லத் தட்டினாலே பல நேரம் நகர்ந்துவிடும். கழற்றும்போது முறிந்தது என்றால் நிலைமையே வேறு. துருவில் இறுகிய 8 மி.மீ. போல்ட், தன் முழுத் தடிமனோடும் அந்த இறுக்கத்தை வெல்ல முடியாமல் அறுந்திருக்கிறது. அதன் நடுவே 4 மி.மீ. துளைக்குள் போகும் ஈஸி அவுட் அதே இறுக்கத்தை எப்படி வெல்லும்? அது கூம்பு வடிவம் வேறு. முறுக்க முறுக்க ஆப்பு போல உள்ளே இறங்கி, மெலிந்து நிற்கும் போல்ட்டின் சுவரை வெளிப்புறமாக விரித்து, மரையோடு இன்னும் அழுத்தித்தான் விடும். அதன் எஃகு கடினமானது, ஆனால் வளையாது, பட்டென்று ஒடியும். ஒடிந்தால் சாதாரண ஹெச்.எஸ்.எஸ். (ஹைஸ்பீடு ஸ்டீல்) டிரில் அதன் மேல் வழுக்கி, பக்கத்திலுள்ள மென்மையான உலோகத்தைத்தான் தின்னும்.

ஆகவே இறுக்கத்தை முதலில் விடுவியுங்கள். துரு நீக்கும் ஸ்பிரேயை அடித்த கையோடு முறுக்குவதில் பயனில்லை. அடித்து, முறிந்த துண்டின் மேல் சுத்தியலால் சில தட்டுகள் தட்டி, இரவு முழுக்க விட்டால்தான் எண்ணெய் மரைக்குள் இறங்கும். அலுமினிய உறை என்றால் சூடு நல்ல துணை. அலுமினியம் இரும்பைப்போல் ஏறக்குறைய இரு மடங்கு விரியும். போல்ட்டை விட்டுவிட்டு, அதைச் சுற்றியுள்ள உறையை 150 டிகிரி அளவுக்குச் சூடேற்றினால் பிடி தளரும். அந்தச் சூட்டில் மெழுகுவத்தியை மரை ஓரத்தில் தொட்டால் மெழுகு உருகி உள்ளே இழுக்கப்படும். முதலில் தீயணைக்க ஏற்பாடு செய்துகொண்டு, பெட்ரோல் டேங்கையும் ரப்பர் சீல்களையும் கழற்றிவிட்டுத்தான் நெருப்பை நீட்ட வேண்டும். எண்ணெய் ஸ்பிரே அடித்த ஈரத்தின் மேல் நெருப்பைக் காட்டவே கூடாது.

காசிமேடு, எண்ணூர் கடலோர வேலைகளில் இன்னொரு சங்கடம். படகு இன்ஜின்களிலும் பம்புகளிலும் அலுமினிய உறையில் ஸ்டெயின்லெஸ் போல்ட் போட்டிருப்பார்கள். உப்பு ஈரம் பட்டதும் இரண்டு உலோகங்களுக்கும் இடையே மின்வேதி அரிப்பு தொடங்கி, அலுமினியம் வெள்ளைப் பொடியாகப் பூத்து மரையை அடைத்துவிடும். இதைச் சூடும் பொறுமையான முன்பின் அசைவும்தான் விடுவிக்கும். மறுபடி பூட்டும்போது மரை இறுகிப்போகாமல் காக்கும் ஆன்டி சீஸ் பேஸ்ட் தடவாவிட்டால் அடுத்த மழைக்காலத்தில் அதே வேலைதான்.

துண்டு பரப்புக்கு மேலேயோ சமமாகவோ நின்றால் வெல்டிங்தான் எங்கள் முதல் தேர்வு. முறிந்த துண்டின் மேல் வாஷரை வைத்து, அதன் துளை வழியாகத் துண்டையும் வாஷரையும் பற்ற வைத்து, அதன் மேல் நட்டை வைத்து நட்டின் உள்பக்கத்தை நிரப்ப வேண்டும். வெல்டிங்கின் சூடே துருவை உடைத்துவிடும். செந்நிறம் போய்க் கறுத்து, சற்று ஆறிய பிறகு ஸ்பேனர் போட்டு முன்னும் பின்னும் சிறிது சிறிதாக ஆட்டினால் பல நேரம் கையோடு வரும். வண்டியில் வைத்தே செய்தால் பேட்டரி வயரைக் கழற்றுவதை மறக்கக் கூடாது.

துளை போட்டுத்தான் ஆக வேண்டும் என்றால், நடு மையம் தவறக் கூடாது. முறிந்த முகம் மேடு பள்ளமாக இருப்பதால் டிரில் ஓரத்துக்கு ஓடும். அதற்கு எளிய வழி, அந்த இடத்து மூடியையே வழிகாட்டியாக்குவது. எம்8 (அதாவது 8 மி.மீ.) போல்ட் போகும் மூடித் துளை சாதாரணமாக 9 மி.மீ. இருக்கும். வெளி விட்டம் 9, உள் துளை 4 மி.மீ. என்று ஒரு புஷ்ஷை (குழாய் போன்ற சிறு உருளையை) லேத்தில் கடைந்து அதில் செருகி, மூடியை மற்ற போல்ட்களால் பூட்டிவிட்டால் டிரில் நேராக நடுவில்தான் இறங்கும். இதற்கு இடச்சுற்று டிரில் வாங்குவது நல்லது. அது சுற்றுவதே கழற்றும் திசையில் என்பதால், துளை போடும்போதே துண்டு டிரில்லோடு சுழன்று வெளியே வந்துவிடுவது உண்டு. அதன் பிறகும் வராவிட்டால்தான் ஈஸி அவுட். 6 முதல் 8 மி.மீ. போல்ட்டுக்கு 2ஆம் எண், துளை 2.8 மி.மீ.; 8 முதல் 11 வரை 3ஆம் எண், துளை 4 மி.மீ. டேப் ஹேண்டிலை இரு கையாலும் சமமாகப் பிடித்து முறுக்குங்கள். ஒற்றைப் பக்க ஸ்பேனர் போட்டால் கருவி பக்கவாட்டில் வளைந்து ஒடியும். கைக்கு ஸ்பிரிங் போல ஒரு நெகிழ்வு தெரிந்தால் அங்கேயே நிறுத்திவிட்டு, மறுபடி சூட்டுக்குப் போக வேண்டும்.

இனி டேப். இதில்தான் பிழை அதிகம். ஹெச்.எஸ்.எஸ். டேப்பும் ஹெச்.எஸ்.எஸ். டிரில்லும் ஏறக்குறைய ஒரே கடினம் உள்ளவை. ஒன்றால் மற்றதைத் துளைக்க முடியாது. துளையில்லாமல் ஈஸி அவுட்டுக்கு அங்கே வேலையே இல்லை. டேப்புக்கு என்று தனியாக எக்ஸ்ட்ராக்டர் இருக்கிறது. மெல்லிய எஃகு விரல்களும் அவற்றைச் சுற்றி ஒரு வளையமும் கொண்டது. டேப்பில் மூன்று பள்ளம் இருந்தால் மூன்று விரல், நான்கு இருந்தால் நான்கு விரல் என்று அளவும் எண்ணிக்கையும் பொருந்த வேண்டும். முதலில் மெல்லிய கம்பியாலும் காந்தத்தாலும் பள்ளங்களில் அடைந்த உலோகச் சுருளை எடுத்து, கண்ணாடி அணிந்துகொண்டு காற்று அடித்துச் சுத்தம் செய்ய வேண்டும். பிறகு கொஞ்சம் எண்ணெய் விட்டு, விரல்களைப் பள்ளங்களில் அடிவரை இறக்கி, வளையத்தைப் பொருளின் பரப்பைத் தொடும் வரை கீழே தள்ளுங்கள். வளையத்தை மேலேயே விட்டால் விரல்கள் முறுக்கிக்கொள்ளும். முன்னால் கால் சுற்று, பின்னால் கால் சுற்று என்று ஆட்டி ஆட்டித்தான் எடுக்க வேண்டும். சுருள் நொறுங்கி வழிவிட்டதும் டேப் தானே எழும்பும்.

அதிலும் அசையவில்லை என்றால், அது விலை உயர்ந்த பொருளானால், சுத்தியலைக் கீழே வைத்துவிட்டு மின்பொறியால் உலோகத்தை அரிக்கும் ஸ்பார்க் ஈரோஷன் மெஷின் உள்ள இடத்துக்கு எடுத்துப் போங்கள். அம்பத்தூர் தொழிற்பேட்டையில் அச்சு செய்யும் டூல் ரூம்களில் கேட்டுப் பார்க்கலாம். எம்8 டேப் என்றால் சுமார் 4 மி.மீ. செம்புக் கம்பியை எலெக்ட்ரோடாக வைத்து, டேப்பின் நடுத்தண்டை மட்டும் பொறியால் அரிப்பார்கள். தண்டு போனதும் பல் வரிசைகள் தனித்தனியாகக் கழன்று வரும். மரைக்குச் சேதமில்லை. பஞ்ச் கருவியால் உடைத்து எடுப்பது பழைய கார்பன் ஸ்டீல் டேப்புக்குப் பொருந்தும், ஹெச்.எஸ்.எஸ். டேப்பில் மரையும் சேர்ந்து போகும்.

டேப் ஒடிய முக்கியக் காரணம் டிரில் அளவு. எம்8க்கு 6.8 மி.மீ. துளை வேண்டும். கையில் அது இல்லாமல் 6.5 போட்டால் மரையின் ஆழம் முழு அளவில் முக்கால் பங்கோடு நிற்காமல் தொண்ணூறு சதவீதத்தைத் தாண்டும். முறுக்கு விசை வெகுவாக ஏறும், போல்ட்டின் பிடியோ அந்த அளவுக்குக் கூடாது. எம்6க்கு 5, எம்10க்கு 8.5, எம்12க்கு 10.2. அடி மூடிய துளையைத் தேவையான ஆழத்துக்கு மேலும் நாலைந்து மரை ஆழமாகப் போடுங்கள், சுருள் தங்க இடம் வேண்டும்.

பிளஸ் தலை தேய்ந்த ஸ்க்ரூவுக்கு இவ்வளவு பாடு வேண்டாம். அடிக்க அடிக்கச் சுழலும் இம்பாக்ட் டிரைவரை வைத்துச் சுத்தியலால் அடித்தால் பெரும்பாலும் விடும். முனையில் வால்வு கிரைண்டிங் பேஸ்ட் கொஞ்சம் தடவினால் வழுக்காது. தேய்ந்த 5 மி.மீ. ஆலன் (அறுகோண) துளையில் நட்சத்திர வடிவ டி30 டார்க்ஸ் பிட்டை அடித்து இறக்கலாம்.

பாரிமுனை பக்கத்து டூல்ஸ் கடைக்காரர்களுக்கு எங்கள் வேண்டுகோள்: ஐந்து ஈஸி அவுட் கொண்ட பெட்டியை ‘எல்லாத்துக்கும் இதுவே போதும்’ என்று சொல்லி விற்காதீர்கள். இடச்சுற்று டிரில் 3, 4, 5 மி.மீ. அளவுகளிலும், டேப் எக்ஸ்ட்ராக்டர் எம்6, எம்8, எம்10 அளவுகளிலும் தனித்தனியாகக் கிடைக்கச் செய்யுங்கள். மெஷின் ஷாப்பில் இவை அன்றாடத் தேவை. ஐ.டி.ஐ. ஃபிட்டர் பாடத்தில் உடைந்த டேப்பை எடுக்கும் முறைகள் உண்டு. இரண்டு வருடப் பயிற்சியில் ஒவ்வொரு மாணவரும் தன் கையால் ஒரு டேப்பையும் ஒரு துருப்பிடித்த ஸ்டட்டையும் (தலையில்லாத மரைத் தண்டு) எடுத்துப் பார்க்கும்படி செய்முறையில் அதைச் சேர்த்து நடத்த வேண்டும்.

வண்டி, மெஷின் வைத்திருப்பவர்கள் போல்ட் முறிந்த பொருளைப் பட்டறைக்குக் கொண்டுவரும்போது, கழன்ற தலைத் துண்டையும், அதே வரிசையிலுள்ள முழு போல்ட் ஒன்றையும், அந்த இடத்து மூடியையும் சேர்த்துக் கொண்டுவாருங்கள். மரை அளவும் மீதி நீளமும் தெரிந்தால் துளையின் ஆழத்தை முன்பே கணக்கிடலாம்; மூடி இருந்தால் புஷ்ஷை அதிலேயே பொருத்தலாம்.

இப்படிக்கு,
மெஷின் ஷாப் ஃபிட்டர்கள்,
வியாசர்பாடி, சென்னை.